ஐம்பதில் நின்ற பேட்டரி

அத்தியாயம் 6

தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள இவ்வளவு அவசரப்படும் ஆளைக் கட்டெறும்பு தன் ஒன்பது வருட விசாரணை வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"ஆமாம்மா, நான்தான். எழுதிக்குங்க. வயித்தெரிச்சல். முப்பத்தொரு வருஷம் ஓட்டுன இன்ஜினை மூட வந்துட்டாங்களேன்னு வயித்தெரிச்சல். பேட்டரியில கரண்ட் இருக்கும்போதே வேணும்னே இன்ஜினைப் போட்டேன். என் மகளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

டீசல்காரர் கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டு, பேனாவுக்காக நீட்டியபடி நின்றார்.

"மேடம், இவர் வேகத்துக்கு எனக்கு எழுத வரல" என்றான் பியூஸ். "கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி ஒத்துக்கச் சொல்லுங்க."

மின்துறையின் விசாரணைப் பிரிவில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கட்டெறும்பு. உருவம் சின்னது, கடித்தால் விடாது. பியூஸ் அவளுடைய உதவியாள். முன்னாள் லைன்மேன். கம்பத்திலிருந்து விழுந்து இடது கால் இழுக்க ஆரம்பித்ததும், துறை அவனைத் தூக்கி இவளிடம் போட்டது. வாயில் மட்டும் அடியே படவில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

வழக்கு இதுதான். மூன்று மாதத்துக்கு முன் இந்தத் தீவுக்குச் சூரிய மின் நிலையம் வந்தது. பகலில் வெயில் ஊருக்கு மின்சாரம் கொடுக்கும். மிஞ்சியது நான்கு பெரிய வெள்ளைப் பெட்டிகளுக்குள் இருக்கும் பேட்டரியில் சேரும். இருட்டியதிலிருந்து விடியும் வரை அதுதான் விளக்கு. டீசல் இன்ஜின் படுத்துத் தூங்க வேண்டியது. ஆனால் தூங்கவில்லை. கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அறுபத்திரண்டு இரவுகள், ஒன்றுகூடத் தவறாமல், பேட்டரி பாதி நிறைந்திருக்கும்போதே இன்ஜின் இரைந்தது.

இன்னும் பத்து நாளில் காற்று மாறும். மாறினால் ஆறு வாரத்துக்கு டீசல் படகு கிட்டவே வராது. அந்த ஆறு வாரத்துக்கென்று சேர்த்து வைத்த டீசலில் முக்கால்வாசி எரிந்துபோயிருந்தது. போன வருடம் இப்படித்தான் தொட்டி வற்றி, தீவின் சின்ன மருத்துவமனையில் மூன்று பிரசவம் டார்ச் வெளிச்சத்தில் நடந்தது.

சூரிய மின் நிலையத்துக்குப் பொறுப்பாளர் டீசல்காரரின் சொந்த மகள். அப்பன் டீசல், மகள் சோலார். கதை தானாகவே எழுதிக்கொண்டது. அப்பன் எரித்தான், மகள் கண்டும் காணாமல் விட்டாள். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருத்தி கல்லூரி வாசலை மிதித்ததே சிலர் கண்ணில் தூசியாக உறுத்திக்கொண்டிருந்தது. இன்று நாலு மணிப் படகில் தலைமைப் பொறியாளர் குழுவோடு வருகிறார். வந்ததும் மகளுக்கு வேலைநீக்கம், அப்பனுக்குப் போலீஸ். கூடவே, நிலையத்தைக் கட்டிய கம்பெனியிடமிருந்து அதை ஊர் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு பேட்டரிக்கு என்ன ஆனாலும் கம்பெனியைக் கேட்க முடியாது.

இது எல்லாவற்றுக்கும் கட்டெறும்பின் அறிக்கை வேண்டும். அறிக்கையைத் தலைமையகத்திலேயே தட்டச்சு செய்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். கையெழுத்து போடும் இடம் மட்டும் காலி. அங்கேயே அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

அவள் இன்ஜின் அறையைச் சுற்றிப் பார்த்தாள். டீசல்காரரின் நாற்காலி, இன்ஜினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிடந்தது. சுவரில் ஒரு பழைய வட்ட மீட்டர். மற்றதெல்லாம் கரியும் எண்ணெயுமாக இருக்க, அதன் கண்ணாடி மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், கரி படிந்த சுவரின் நடுவே, சுத்தமான ஒரு செவ்வகம். மேலே ஓர் ஆணி.

"இங்க என்ன மாட்டியிருந்தது?"

"காலண்டர்."

"எப்ப எடுத்தீங்க?"

"போன வருஷம்."

பியூஸ் அந்தச் செவ்வகத்தில் விரலை வைத்துத் தேய்த்து, விரலைத் தூக்கிக் காட்டினான். கரி ஒட்டவில்லை. "ரொம்ப ஒழுக்கமான சுவரு மேடம். ஒரு வருஷமா இந்த இடத்துல மட்டும் அழுக்கே படாம கட்டிக் காத்திருக்கு."

டீசல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, அதை விடுங்க. பேட்டரியில எவ்வளவு இருக்குன்னு காட்டுற திரை இங்க இருக்கா?"

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"அப்ப எப்ப இன்ஜினைப் போடணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"தோணும்போது."

"நாற்காலி ஏன் சுவரைப் பாத்து இருக்கு?"

"காத்து வாங்க."

"சுவருலேர்ந்தா?" என்றான் பியூஸ்.

கட்டெறும்பு வெளியே வந்தாள். ஒருவன் எதையாவது மறைக்கப் பொய் சொல்வான். இந்த ஆள் எதையோ மறைக்கக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அது என்ன?

*

கட்டுப்பாட்டு அறை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. உள்ளே ஒரு மேஜை, ஒரு பெரிய திரை, திரைக்கு முன்னால் இன்ஜினியர். இருபத்தைந்து வயதிருக்கும். வரவேற்க எழுந்திருக்கவில்லை.

"எங்கப்பா ஒத்துக்கிட்டாராமே. அப்புறம் என்ன? சீக்கிரம் எழுதிட்டுக் கிளம்புங்க."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"வருத்தமா? அவர் மேல புகார் எழுதிப் போட்டதே நான்தான். படிச்சீங்களா இல்லையா? 'பேட்டரி பாதி இருக்கும்போதே டீசல் எரிக்கப்படுகிறது, நடவடிக்கை எடுக்கவும்'னு மூணு கடிதம். நடவடிக்கை எடுத்தாங்க. என் மேலயும் சேத்து."

"நம்ம துறையில அது சலுகை" என்றான் பியூஸ். "ஒரு புகாருக்கு ரெண்டு குற்றவாளி."

அவள் சிரிக்கவில்லை. கட்டெறும்பும் சிரிக்கவில்லை. புகார் எழுதுவதும் ஒரு நல்ல மறைப்புதான். தன்மேல் சந்தேகம் வராமலிருக்கத் தானே கூச்சல் போட்டவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பியூஸ் கையிலிருந்த பதிவுத் தாளை வாங்கி மேஜையில் விரித்தாள்.

"நல்ல வெயில் அடிச்ச நாள்ல பத்தே முக்காலுக்கு இன்ஜினைப் போட்டிருக்கார். மேகமா இருந்தா எட்டரை. நேரம் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்ல. ஆனா அந்த நேரத்துல உங்க திரை காட்டுன அளவைப் பாருங்க. ஐம்பத்தொண்ணு. ஐம்பது. ஐம்பத்தொண்ணு. ஐம்பத்திரண்டு. அறுபத்திரண்டு தடவையும் இதேதான்."

இன்ஜினியர் தாளை இழுத்துப் பார்த்தாள். விரல் வரிசையில் இறங்கி நடுவில் நின்றது.

"அவர்கிட்ட திரை கிடையாது. அவர் என்ன ஜோசியமா பாக்குறார்? யாரோ இங்க உக்காந்து சொல்லியிருக்கணும். இங்க உக்காந்திருக்கிறது நீங்க."

"நான் சொல்லல."

"போன்ல?"

"நாப்பது நாளா நாங்க பேசிக்கிறதே இல்ல."

"ஒரே வீடுதானே?" என்றான் பியூஸ்.

"ஒரே வீடு, ஒரே அடுப்பு. அம்மா நடுவுல உக்காந்து 'உங்கப்பா உப்பு கேக்குறார்', 'உங்க மக எடுத்துக்கச் சொல்றா'ன்னு ரெண்டு பக்கமும் மொழிபெயர்க்கிறாங்க."

இந்தக் கோபத்தை நடிக்க முடியாது என்று கட்டெறும்புக்குத் தோன்றியது. தோன்றியதை அவள் நம்புவதில்லை. ஆனால் அறுபத்திரண்டு வரியைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஓடிய குழப்பம், அதைக் கொஞ்சம் நம்பலாம்.

"இந்தத் திரை என்னைக்காவது நாப்பது காட்டியிருக்கா? முப்பது?"

"இல்ல. அதுக்குள்ளதான் அவர் இன்ஜினைப் போட்டுடறாரே."

"ஒருநாள் போடாம இருந்தா?"

இன்ஜினியர் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டதில்லை. அவளே கேட்டுக்கொண்டதில்லை.

"உங்கப்பா சுவத்துல ஒரு வட்ட மீட்டர் இருக்கே, அது என்ன காட்டும்?"

"ஊர் லைனைத்தான். கரண்ட் தள்ளாட ஆரம்பிச்சா அது ஆடும். பழைய காலத்துது."

கட்டெறும்பு பியூஸைப் பார்த்தாள். பியூஸ் தலையைச் சொறிந்தான். அந்த மனிதர் ராத்திரி ராத்திரி இன்ஜினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்த மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது ஆட ஆரம்பித்ததும், ஊர் இருட்டாவதற்குள், எழுந்து இன்ஜினைப் போடுகிறார். அப்படியென்றால் அந்த நேரத்தில் பேட்டரி நிஜமாகவே தீர்ந்துபோகிறது. ஆனால் திரை பாதி இருக்கிறது என்கிறது.

"ஒண்ணு முப்பத்தொரு வருஷத்து மீட்டர் பொய் சொல்லுது" என்றாள். "இல்ல மூணு மாசத்துத் திரை பொய் சொல்லுது."

"பேட்டரி பெர்ஃபெக்ட்டா இருக்கு மேடம்!"

வாசலில் கம்பெனி மேற்பார்வையாளர். இந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் டை. அவன் எப்போது வந்து நின்றான், எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. கையில் குளிர்ந்த பழச்சாறு மூன்று, சட்டைப் பையில் புதுப் பேனா ஒன்று, முகத்தில் அதற்கேற்ற சிரிப்பு.

"நாலு பெட்டியும் நூத்துக்கு நூறு கண்டிஷன். மணி ரெண்டரை ஆச்சு. அறிக்கையை முடிச்சிட்டா, படகு வர்றதுக்குள்ள கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்."

கேட்காமலே பதில் சொல்கிறவன். கட்டெறும்பு பழச்சாற்றைத் தொடவில்லை.

"அந்த நாலு பெட்டியையும் பாக்கணும்."

"தாராளமா. வெளியிலிருந்து."

*

பெட்டிகள் சூரியத் தகடுகளுக்குப் பின்னால், கம்பி வேலிக்குள், ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளம். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஏசியின் வெளிப்பெட்டி, அதில் சுழலும் விசிறி. கதவுகளில் சிவப்பு எழுத்து: உப்புக்காற்று புகுந்தால் பேட்டரி நாசமாகும். திறக்காதே.

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒரு குறும்புக்காரன் மூன்று மாதத்தில் திறந்து பார்த்திருப்பான். இந்தத் தீவில் அது நடக்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள், புதுசாக வாங்கிய ஃபிரிட்ஜ் என்று உப்பு தின்று துப்பிய இரும்பை ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் பார்க்கலாம். உப்புக்காற்று என்று எழுதிவிட்டால் இங்கே யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

"ஏய்! கால! பக்கெட்டு!"

பியூஸ் ஒற்றைக் காலில் நின்றான். அவன் செருப்புக்கும் ஒரு நீல பக்கெட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. துடைப்பத்தோடு ஓடி வந்தாள் நிலையத்தைப் பெருக்கும் அக்கா.

"ஒரு சொட்டு சிந்தியிருந்தா உன்னையே பிழிஞ்சு நிரப்பியிருப்பேன்."

"ஏன்கா, உள்ள மீன் வளக்குறீங்களா?"

"ஏசி தண்ணி. நல்ல தண்ணிக்கு இந்த ஊர்ல வரிசையில நிக்கணும், தெரியுமா? தரை துடைக்க, துணி அலச, எனக்கு எல்லாம் இதுதான். ஒரு நாளைக்கு ரெண்டு பக்கெட்டு ரொம்பும்."

கட்டெறும்பு எண்ணினாள். முதல் பெட்டிக்குக் கீழே ஒன்று. இரண்டாவது பெட்டிக்குக் கீழே ஒன்று.

"ஏசி நாலு இருக்கே. நாலு பக்கெட்டு வச்சா நாலு ரொம்புமே?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்தக் கடைசி ரெண்டும் கஞ்சப்பய பெட்டி. வந்த நாள்லேர்ந்து ஒரு சொட்டு விட்டதில்ல. வெறும் விசிறிதான் சுத்தும். துணி காயப் போட்டாக்கூட காயாது. அதான் எல்லாத்தையும் இந்த ரெண்டுக்கு முன்னாலயே கட்டியிருக்கேன்."

முதல் இரண்டு பெட்டிகளின் விசிறிகளுக்கு முன்னால் கொடியில் துடைப்புத் துணிகள் படபடத்தன. கட்டெறும்பு முதல் விசிறிக்கு முன் கையை நீட்டினாள்; அடுப்புக்குப் பக்கத்தில் நீட்டியது போல் சுட்டது. மூன்றாவதுக்கு முன் நீட்டினாள். சும்மா காற்று.

"அது வந்து" என்றான் டைக்காரன், "மூணும் நாலும் புது மாடல் ஏசி. தண்ணி வராது. சூடும் வராது."

"குளிராவது வருமா?" என்றான் பியூஸ்.

பின்னாலேயே வந்திருந்த இன்ஜினியர் நான்காவது பெட்டியின் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். "பேட்டரி வேலை செஞ்சா சூடாகும்" என்றாள் தனக்குத்தானே. "சூடானா ஏசி ஓடணும். ஓடுனா தண்ணி..." நிறுத்தினாள். தினமும் இந்த பக்கெட்டுகளைத் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போகிறாள்.

"ஒரு பரீட்சைக் கணக்கு கேளுங்க" என்றான் பியூஸ். "நாலு பேர் எழுதுறாங்க. ரெண்டு பேருக்கு எழுதாமலே எப்பவும் நூறு. நிஜமா எழுதின ரெண்டு பேரும் கடைசியில முட்டை. நாலு பேருக்கும் சராசரி எவ்வளவு?"

"ஐம்பது" என்றாள் இன்ஜினியர். "திரையும் நாலுக்கும் சேத்து சராசரியைத்தான் காட்டுது."

டைக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பேச்சு குறையவில்லை. "கற்பனை! சுத்தக் கற்பனை! திறந்தீங்கன்னா உப்பு உள்ள போயிடும், கம்பெனி பொறுப்பில்ல. பத்து நாள்ல கடல் மூடப்போகுது, ஊரே இருட்டாகும், இந்த மேடம்தான் காரணம்னு நான் எழுதுவேன். என் சாவியைத் தரமாட்டேன்."

"உங்க சாவி மட்டும்தானா?"

"என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள் இன்ஜினியர். "அவசரம்னா பொறுப்பாளர் தன் பொறுப்புல திறக்கலாம்."

"திறக்காதீங்க!"

வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு டீசல்காரர் ஓடி வந்தார். கக்கத்தில் கோணிப்பையில் சுற்றிய ஏதோ ஒன்று. மூச்சு வாங்கியது. மகளைப் பார்க்காமல் கட்டெறும்பிடம் மட்டும் பேசினார்.

"அம்மா, நான்தான் ஒத்துக்கிட்டேனே. என்மேல எழுதி முடிங்க. எனக்கு இன்னும் நாலு மாசம்தான் சர்வீஸு. போனா போகுது. இந்தக் கதவை மட்டும் விட்டுடுங்க."

"உள்ள காலின்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் கோணிப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"எப்படித் தெரியும்?"

"டீசல் படகை இறக்குறவன் நான். சுமை ஏறுன படகு எவ்வளவு அமுங்கும்னு தெரியாதா?" குரல் இறங்கியது. "முதல் ரெண்டு பெட்டி வந்த படகு தண்ணிக்குள்ள அமுங்கிக் கிடந்துச்சு. கடல் ஏறட்டும்னு அரை நாள் வெளியவே காத்திருந்து, அப்புறம்தான் கரைக்கு வந்தாங்க. அடுத்த ரெண்டு பெட்டியை நல்ல வற்றத்துல, தரை தெரியற தண்ணியில, சும்மா ஓட்டிட்டு வந்துட்டாங்க. அன்னைக்கே..." இப்போதுதான் மகள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே கேட்டேன்ல? திறந்து பாத்தியான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"பாத்தேன்னு சொன்ன."

"சொன்னேன்." அவள் குரல் உடைந்தாலும் தலை குனியவில்லை. "பாக்கல. வேலைக்குச் சேந்து ரெண்டு நாள். துறைமுகத்துல எல்லாரும் நின்னு போட்டோ எடுக்குறாங்க. பேப்பரை நீட்டி, 'உப்புக்காத்து அடிக்குது, இப்ப திறக்க வேண்டாம், போட்டுடும்மா'ன்னாங்க. போட்டேன். வீட்டுக்கு வந்தா நீங்க கேள்வி கேக்குறீங்க. பேட்டரியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு திமிர். பொய் சொல்லிட்டேன். அப்புறம் திரையில நாலு பெட்டிக்கும் சேத்து ஒரே எண் வந்துது. அதையே நம்பிட்டேன்."

"அந்தப் பேப்பர்ல 'நாலு பெட்டியையும் திறந்து பாத்து வாங்கிக்கிட்டேன்'னு இருக்கும்மா" என்றார் டீசல்காரர் கட்டெறும்பிடம். "கதவைத் திறந்தா பொய்க் கையெழுத்து போட்டது இவதான்னு ஆயிடும். வேலை போயிடும். ஊரு ஒருநாள் இருட்டானாலும் யாராவது வந்து திறப்பான். அதான் இருட்டாகாம பாத்துக்கிட்டேன்."

அறுபத்திரண்டு இரவுகள். மகள் மூன்று புகார் எழுதிய பிறகும்.

கட்டெறும்புக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. அதனாலேயே குரல் கடுமையாக வந்தது. "பத்து நாள்ல படகு நிக்கும். மூணு வாரத்துல உங்க டீசலும் தீரும். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில எதைக் காட்டிப் பிரசவம் பாப்பாங்க, உங்க பாசத்தையா?"

இன்ஜினியர் அவரைத் தாண்டிப் போனாள். கழுத்தில் அடையாள அட்டையோடு தொங்கிய சாவியைக் கழற்றி, நான்காவது பெட்டியின் முத்திரையைப் பிய்த்து, பூட்டைத் திறந்து, கதவை இரண்டு கையாலும் இழுத்தாள்.

உள்ளே ஒரு கூடம் அளவுக்கு வெறுமை. தரையில் ஒட்டுப் பலகைத் துண்டுகள். சுவரில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் நாலைந்து பச்சை விளக்குகள், எல்லாம் நலமே என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. நூற்றுக்கு நூறு என்று திரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். மூன்றாவது பெட்டியும் அப்படியே.

"குடித்தனமே பண்ணலாம் போலிருக்கே" என்றான் பியூஸ். "காத்தோட்டத்துக்கு விசிறி வேற வச்சுக் கொடுத்திருக்காங்க."

டைக்காரன் வேலியைத் தாண்டித் துறைமுகத்தை நோக்கி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தான். பெருக்கும் அக்கா துடைப்பத்தைத் தூக்கினாள்.

"விடுங்கக்கா" என்றான் பியூஸ். "தீவுல ஓடி எங்க போவாரு? ஒரு சுத்து சுத்திட்டு இங்கயேதான் வரணும்."

*

டீசல்காரர் கோணிப்பையைப் பிரித்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள். இன்ஜின் அறைச் சுவரில் இருந்த சுத்தமான செவ்வகம் இதுதான்.

"இவ வேலையில போட்ட முதல் கையெழுத்து. ஆபீஸ்ல கெஞ்சி நகல் எடுத்து மாட்டி வச்சேன். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் கழட்டுனேன். கிழிக்க மனசு வரல." சட்டத்தைக் கட்டெறும்பிடம் நீட்டினார். "நீங்களே கிழிச்சிடுங்க. ஆனா நிஜப் பேப்பர் உங்க கோப்புல இருக்குமே..."

"இல்ல" என்றாள் கட்டெறும்பு.

அவள் கோப்பை எடுத்துப் புரட்டினாள். காலையில் பார்த்தபோது கண்ணில் பட்டு, அச்சடித்தவன் தவறு என்று விட்டது. ஒன்பதாம் பக்கத்துக்கு அடுத்து பதினொன்று. பெட்டிகளைப் பெற்றுக்கொண்ட தாள் இருந்திருக்க வேண்டிய பத்து இல்லை.

இந்தப் பெண்ணை வேலையிலிருந்து துரத்த இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. அவளே எழுதிக் கொடுத்த பொய். துரத்தத் துடிக்கிறவர்கள் அதைக் கோப்பில் முதல் பக்கமாக அல்லவா வைத்திருக்க வேண்டும்? உருவி எறிந்திருக்கிறார்கள். ஏன்?

சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். 'நான்கு பெட்டிகளையும் திறந்து பார்த்துப் பெற்றுக்கொண்டேன்.' கீழே இன்ஜினியரின் கையெழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டது போல் முழுப் பெயரும் அழகாக. அதற்கும் கீழே இன்னொரு வரி. 'நேரில் உடனிருந்து சரிபார்த்தேன்.' அதற்கடியில் ஒரு கிறுக்கல். அந்தக் கிறுக்கல் கட்டெறும்புக்கு மனப்பாடம். ஒன்பது வருடமாக அவளுடைய விடுப்பு விண்ணப்பங்களை நிராகரித்த கிறுக்கல்.

தலைமைப் பொறியாளர்.

"மேடம்" என்றான் பியூஸ். வாழ்க்கையில் முதன்முறையாக அவனுக்கு நகைச்சுவை வரவில்லை. "இப்ப உலகத்துலயே இது ஒரு நகல்தான். கிழிச்சா இந்தப் பொண்ணு தப்பிச்சிடும்."

"அவரும் தப்பிச்சிடுவார்."

கடலில் படகு ஊதியது. மணி நாலு ஆக ஐந்து நிமிடம். டீசல்காரர் கட்டெறும்பின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை, ஆனால் கேட்பது முகம் முழுக்க இருந்தது. கட்டெறும்பு இன்ஜினியரைப் பார்த்தாள்.

"உங்க கையெழுத்து. உங்க வேலை. நீங்க சொல்லுங்க."

இன்ஜினியர் சட்டத்தை வாங்கினாள். கொஞ்ச நேரம் தன் பெயரையே பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "அப்பா" என்றாள். "இன்னைக்கும் ரெண்டு பெட்டிதான். மேகம் கட்டுது. எட்டு மணிக்கே ஆடும். இன்ஜினைத் தயார் பண்ணி வைங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் இன்ஜின் அறைக்குப் போகவில்லை; மகளுக்கு இரண்டடி பின்னால் துறைமுகத்துக்கு நடந்தார்.

படகிலிருந்து குழு இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து பேர். தலைமைப் பொறியாளர் முதலில். டைக்காரன் அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்லி முடித்திருந்தான். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பெரிய ஆள், பெரிய சிரிப்பு. கட்டெறும்பைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"என்னம்மா, கையெழுத்துப் போட்டாச்சா? அறிக்கையைக் கொடு."

கட்டெறும்பு தட்டச்சு செய்த அறிக்கையை இரண்டாகக் கிழித்துப் பியூஸிடம் கொடுத்தாள். சிரிப்பு லேசாகக் கோணியது. அவள் ஏதாவது சொல்வாள் என்று குழுவில் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் விலகி வழிவிட்டாள்.

இன்ஜினியர் முன்னால் வந்தாள். சட்டத்தை நெஞ்சோடு, எழுத்து வெளியே தெரியும்படி பிடித்திருந்தாள்.

"மூணாவது, நாலாவது பெட்டியை இப்பதான் திறந்தேன் சார். உள்ள பேட்டரி இல்ல. இதுல என் கையெழுத்து இருக்கு. திறந்து பாக்காம போட்டேன். தப்பு என்னோடதுதான், எழுதிக் கொடுத்துடறேன்." குழுவில் இருந்த மற்ற நான்கு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி அவரிடம் வந்தாள். "கீழ உங்க கையெழுத்தும் இருக்கு. நீங்க திறந்து பாத்துட்டுப் போட்டீங்களா சார், பாக்காம போட்டீங்களா?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவருக்குப் பின்னால் நின்றிருந்த நான்கு பேரும், ஒவ்வொருவராக, அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினார்கள்.